ஓவர்ரைடிங் யார் காசு? முகவராகவே இருப்பதா, மேனேஜர் ஆவதா?

ஈசூன்காரன்: சிங்கப்பூரில் ஒரு காப்பீட்டு ஏஜென்சியின் ஆள்சேர்ப்புக் கூட்டத்துக்கு என் அக்கா மகன் போய்வந்தான். மேடையில் பேசியவர், "அஞ்சு பேரைச் சேர்த்துவிட்டால் போதும், நீ விற்கவே வேண்டாம், ஓவர்ரைடிங் தானாக வரும்" என்றாராம். ஓவர்ரைடிங் என்பது கீழே இருக்கும் முகவர்கள் விற்பதை வைத்து மேனேஜருக்குக் கிடைக்கும் தொகை. பையன் இன்னும் முகவராவதற்கான தகுதிப் பரீட்சைகூட எழுதவில்லை, அதற்குள் மேனேஜர் கனவு. ஓவர்ரைடிங் தானாக வருவதில்லை. மழையில் நனைந்துகொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனவனின் கமிஷனிலிருந்து வருகிறது. விற்கத் தெரிந்தவன் விற்றுக்கொண்டே இருக்கட்டும். மேனேஜர் வேலை அடுத்தவன் உழைப்பில் சாப்பிடுவது.

தேக்கா மேனேஜர்: தப்பான தகவலைப் பரப்பாதீர்கள் அண்ணன். ஓவர்ரைடிங் முகவர் கமிஷனிலிருந்து எடுப்பதில்லை, நிறுவனம் தனியாகத் தருவது. உங்கள் கமிஷன் கணக்கை எடுத்துப் பாருங்கள். மேனேஜருக்காகக் கழித்தது என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா?

ஈசூன்காரன்: நிறுவனம் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கிறது? நான் பாலிசி விற்கவில்லை என்றால் உங்களுக்கு ஓவர்ரைடிங் உண்டா? இல்லை. அப்படியென்றால் அது என் உழைப்பு, என் காசு.

தேக்கா மேனேஜர்: நான் சொல்லித்தராமல் நீங்கள் முதல் பாலிசி விற்றிருப்பீர்களா? பொதுவாகச் சொல்கிறேன்.

ஈசூன்காரன்: பொதுவாகச் சொல்லாதீர்கள். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் மேனேஜர் முதல் மாதம் கூடவே வந்தார், அப்புறம் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எத்தனை விற்றாய் என்று கேட்பதோடு சரி.

பொங்கோல் வாசி: இரண்டு பேரும் வாடிக்கையாளரை மறந்துவிட்டீர்கள். ஆயுள் காப்பீடு வாங்கும்போது தரும் பலன் விளக்கத் தாளில் மொத்த விநியோகச் செலவு என்று ஒரு பட்டியல் இருக்கும். முகவர் கமிஷனும் மேலே இருப்பவர்களுக்குப் போவதும் எல்லாம் அதில்தான் அடக்கம். அது நான் கட்டும் பிரீமியம். உங்கள் காசும் இல்லை, நிறுவனத்தின் காசும் இல்லை.

ஈசூன்காரன்: பார்த்தீர்களா, அக்காவே சொல்லிவிட்டார். முகவர் கமிஷனும் ஓவர்ரைடிங்கும் ஒரே பானை. மேலே போகாவிட்டால் கீழே கூடுதலாக வரும்.

பொங்கோல் வாசி: நான் அப்படிச் சொல்லவில்லை. மேலே போகாவிட்டால் என் பிரீமியம் குறைய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

தேக்கா மேனேஜர்: ஒரே பானை என்று யார் சொன்னது? ரோட்ஷோவுக்கு இடவாடகை கட்டுவது யார்? கடைத்தொகுதியில் ஒரு வாரயிறுதிக்கு மேசை போட என்ன ஆகும் தெரியுமா? 2014இல் அழைக்க வேண்டாம் பதிவேடு வந்ததிலிருந்து கண்ட எண்ணுக்கெல்லாம் போன் போட முடியாது. புது முகவருக்கு வாடிக்கையாளர் கிடைப்பதே ரோட்ஷோவில்தான். அந்த வாடகையை முதலில் கட்டுவது என் பை.

ஈசூன்காரன்: முதலில் கட்டுவீர்கள், அப்புறம் முகவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பீர்கள். நான் இருந்த இடத்தில் ரோட்ஷோவுக்கு வராத நாளுக்கும் என்னிடம் வாங்கினார்கள். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலை ஒட்டிய நல்ல இடம் மட்டும் எப்போதும் மேனேஜரின் செல்லப்பிள்ளைக்கு.

தேக்கா மேனேஜர்: இப்போது புரிகிறது, இது ரோட்ஷோ மேசைக் கோபம். அதற்கு எல்லா மேனேஜரையும் திட்ட வேண்டுமா?

உட்லண்ட்ஸ் பையன்: நான் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவன். மேனேஜர் ஆனால் மசேநி (மத்திய சேமநிதி) உண்டா? மாதச் சம்பளம் மாதிரி நிலையாக வருமா?

பொங்கோல் வாசி: இல்லை தம்பி. ஏஜென்சியில் முகவர், மேனேஜர் இருவருமே பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்கள்தான். முதலாளி போடும் 17 விழுக்காடு கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மசேநியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் மட்டும் நீங்களே கட்ட வேண்டும். நிலையான சம்பளம் வேண்டும் என்றால் வங்கியில் சேருங்கள். அங்கே இலக்கு தலைக்கு மேல் தொங்கும்.

ஈசூன்காரன்: மேனேஜருக்கு நிலையாக வராதா? பத்துப் பேர் விற்றால் பத்துப் பேரிடமிருந்தும் ஓவர்ரைடிங் வருகிறதே. யார் காசு அது?

தேக்கா மேனேஜர்: பத்துப் பேரில் சிலர் ஒரு வருடத்துக்குள் போய்விடுவார்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் விற்ற பாலிசி பிரீமியம் கட்டாமல் காலாவதியானால் நிறுவனம் கமிஷனைத் திரும்ப எடுக்கும். ஆள் கைவிரித்தால் சில ஏஜென்சிகளில் அது மேனேஜர் தலையில் விழும். விட்டுப்போனவர்களின் வாடிக்கையாளர்கள் இழப்பீடு கேட்டு இரவு பத்து மணிக்கு அழைப்பது யாரை? என்னை. 2016இலிருந்து சிங்கப்பூர் நாணய ஆணையம் கொண்டுவந்த சமநிலை மதிப்பீட்டு முறை நடப்பில் இருக்கிறது. முகவர் தவறான பாலிசியைத் தலையில் கட்டினால் மேற்பார்வையாளர் வருமானமும் அடிபடும். நீங்கள் தனியாக விற்றால் உங்கள் தப்புக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

ஈசூன்காரன்: இதைத்தானே நானும் சொல்கிறேன்! அவ்வளவு தொல்லை என்றால் எதற்கு மேனேஜர்? என் கையில் இருக்கும் வாடிக்கையாளர்கள் தங்கள் பிள்ளைகளையும் என்னிடமே அழைத்து வருகிறார்கள். எனக்குக் கீழே யாரும் இல்லை, யார் தப்பும் என் மேல் விழாது. நான் ஊருக்குப் போய்வந்தாலும் அவர்கள் காத்திருப்பார்கள். உங்கள் ஆள் ஒருவனுக்கு அடுத்த ஏஜென்சி முன்பணம் கொடுத்தால் பாதிக் குழு மறுநாளே போய்விடும்.

தேக்கா மேனேஜர்: முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர்களில் நீங்களும் ஒருவர் என்று கேள்விப்பட்டேன்.

ஈசூன்காரன்: யார் சொன்னது? பெயரைச் சொல்லுங்கள். நான் என் மேனேஜரை விட்டுப் போனது ரோட்ஷோ பணத்துக்காக. போன வருடம் டெர்ம் காப்பீடு பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது ஆளைத் தாக்கினீர்கள்.

தேக்கா மேனேஜர்: அந்த விவாதத்தில் பதில் சொல்லாமல் போனது நீங்கள்.

உட்லண்ட்ஸ் பையன்: என் கேள்விக்கு முழுப் பதில் வரவில்லை. புதிதாகச் சேருபவன் எத்தனை வருடம் விற்றுவிட்டு மேனேஜர் ஆவது நல்லது?

பொங்கோல் வாசி: முதலில் நீங்கள் விற்ற பாலிசிகள் இரண்டு மூன்று வருடம் நிற்கின்றனவா என்று பாருங்கள். வாங்கியவர்கள் 14 நாளில் ரத்து செய்கிறார்களா, அடுத்த வருடமே கட்டாமல் விடுகிறார்களா என்று கவனியுங்கள். அது தெரியாமல் இன்னொருவருக்குச் சொல்லித்தரப் போகாதீர்கள்.

ஈசூன்காரன்: நல்லாச் சொன்னீர்கள் அக்கா. பாலிசியை நிற்க வைப்பது விற்றவன். ஓவர்ரைடிங் வாங்குவது யார்?

தேக்கா மேனேஜர்: திரும்பவும் அதுவா? கமிஷன் கணக்கில் மேனேஜருக்காகக் கழித்தது என்று ஒரு வரி இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.

ஈசூன்காரன்: தனியாக ஒரு வரியில் எழுதிக் கழித்தால்தான் கழிவா? பலன் விளக்கத் தாளை நீங்கள் படம் எடுத்துப் போடுங்கள். யார் காசு என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம்.