இருட்டு அறை, வெயில் ஜன்னல்: படத்தை எப்படி இணைப்பது?

வணக்கம். ஒரு வருடமாக, உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, கைவிடப்பட்ட கட்டடங்களைப் படம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பழைய பள்ளிக்கூடம். கரும்பலகையில் பாதி அழிந்த கூட்டல் கணக்கு, அதன் கீழே சுவரைப் பிளந்து வந்த செடி. கேமராவை எடுக்கவே மனம் வராமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

சிக்கல் இதுதான். அறை கும்மிருட்டு, ஜன்னலில் சுள்ளென்ற வெயில். முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 (லென்ஸ் துளை அளவு), இரண்டு ஸ்டாப் இடைவெளியில், அதாவது ஒவ்வொன்றும் முந்தையதைவிட நான்கு மடங்கு வெளிச்சமாக, 5 படங்கள் எடுத்து, இருட்டும் வெயிலும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய மென்பொருளில் இணைக்கிறேன். வெளியே இலை அசைவதால் ஜன்னலில் இரட்டை உருவம் விழுகிறது; சுவர்ப் பாசியின் பச்சையும் செயற்கையாகிவிடுகிறது. லேயர் மாஸ்க் (ஒரு படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் வசதி) போட்டுக் கையால் இணைப்பவர்கள் எந்தப் படத்தை அடித்தளமாக வைக்கிறீர்கள்?

அப்புறம், இடிந்த கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நுண்ணிய கனிம நார்) இருக்கலாம். துணி முகக்கவசம் அந்த நாரைத் தடுக்காது. நீங்கள் எந்த வகை அணிகிறீர்கள்?