டிஜே அட்மிஷன் சண்டை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஃபேர்ஃபாக்ஸ் அம்மா:

வெளியூர்க்காரர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. டிஜே என்பது அமெரிக்காவின் வர்ஜினியா மாநிலம் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் உள்ள தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி. அறிவியலுக்கென்றே 1985-இல் தொடங்கியது. அரசுப் பள்ளி, ஃபீஸ் கிடையாது. ஆனால் எட்டாம் வகுப்பில் போட்டி போட்டுத்தான் சேர முடியும். 2020 அக்டோபரில் கவுண்டியின் ஸ்கூல் போர்டு நுழைவுத் தேர்வை நீக்கியது. டிசம்பரில் புது விதி வந்தது: ஒவ்வொரு பொது மிடில் ஸ்கூலுக்கும், அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத அளவுக்கு டிஜேயில் இடம். ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 3.5 வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். குடும்ப வருமானம் போன்றவற்றையும் பார்ப்பார்கள். மதிப்பிடுபவருக்குப் பிள்ளையின் பெயரோ இனமோ தெரியாது.

அதே அக்டோபரில்தான் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதற்குக் கைதட்டல் ஓயவில்லை. மறுநாள் காலை, அதே குழுவில், டிஜே அட்மிஷன் மாற்றத்தை எதிர்த்துக் கையெழுத்து கேட்டார்கள். ‘கோச்சிங் போக முடியாத பிள்ளைக்கு ஒரு வழி என்று நேற்று சொன்னோமே, இங்கேயும் அதுதானே?’ என்று எழுதினேன். சற்று நேரத்தில் ஒரு தோழி போன் செய்தாள். “அக்கா, நம்ம பிள்ளைங்க இடம் போகுது, நீங்க யார் பக்கம்?” அவள் குரல் உடைந்திருந்தது. அவள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து சனி, ஞாயிறு பார்க்காமல் படித்தவன். அந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை.

லௌடன் அப்பா:

நாங்கள் பக்கத்து லௌடன் கவுண்டி, எங்கள் பிள்ளைகளும் டிஜேவுக்குப் போட்டி போடுகிறார்கள். உங்கள் ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. 7.5 சதவீதத்திலும் நீட் எழுதித் தேற வேண்டும். இங்கே தேர்வையே தூக்கிவிட்டார்கள், அதுவும் கொரோனா நேரத்தில், அவசர அவசரமாக. இன்னொன்று: 1.5 சதவீதம் பிள்ளை படிக்கும் பள்ளியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஃபேர்ஃபாக்ஸின் கார்சன் மிடில் ஸ்கூல் மாதிரி, கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் குவிந்திருக்கும் பள்ளியில் இருந்தால் நண்பனோடு நண்பனே மோத வேண்டும். என் மகளும் அவள் தோழியும் அந்த வருடம் முழுக்கச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

முதல் வருடமே ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 ஆனது. இதில் ஆசிய எதிர்ப்பு உணர்வு இருக்கிறது என்று போர்டு உறுப்பினர்களே தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொண்டது வழக்கில் வெளிவந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2022-இல் மாவட்ட நீதிபதி எங்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2023-இல் மேல்முறையீட்டில் அது மாறியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. அலிட்டோ, தாமஸ் என்ற இரண்டு நீதிபதிகள் மட்டும் அதை ஏற்கவில்லை; அலிட்டோ எழுதிய மாற்றுக் கருத்தில் தாமஸ் சேர்ந்துகொண்டார்.

ரூட் ஒன் வாசி:

என் பையன் அந்த 1.5 சதவீதத்தில் போனவன். நாங்கள் இருக்கும் ரூட் ஒன் சாலைப் பக்கத்தில் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுகிறவர்கள் குறைவு. நானே மளிகைக் கடையில் ஷிஃப்ட் வேலை. அண்ணே, உங்கள் 54 சதவீதத்துக்குள் எங்களையும் எண்ணிப் பாருங்கள். குறைந்த வருமான ஆசியப் பிள்ளைகளில் முந்தைய வருடம் இடம் கிடைத்தது ஒரே ஒருவருக்கு. புது விதியில் 51 பேர். மேல்முறையீட்டுத் தீர்ப்பிலேயே இது இருக்கிறது. நம் கூட்டங்களில் யாரும் இந்த எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை.

உள்ளே போன பிறகு சுலபமாக இருக்கவில்லை. முதல் செமஸ்டர் கணக்கில் பையன் திணறினான். மற்றவர்கள் ஜியாமெட்ரி எல்லாம் முன்பே முடித்துவிட்டு வந்திருந்தார்கள். சீனியர் பெண் ஒருத்தி, நம்ம ஊர்ப் பெண்தான், மதிய இடைவேளையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அவள் பழைய தேர்வில் வந்தவள்.

2025 மே மாதம் அமெரிக்க மத்திய கல்வித் துறை இந்த அட்மிஷனைப் பற்றி விசாரணை தொடங்கியது. தேர்வு வேண்டுமென்றால் மறுபடி வைக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அந்த இடங்களில் கை வைக்கக் கூடாது. கூட்டம் நடந்தால் எழுந்து இதைத்தான் சொல்லப் போகிறேன். லௌடன் அண்ணன் எதிர்த்துப் பேசினாலும் சரி, நேரில் வாருங்கள், பேசுவோம்.