பாஸ்ச்சுரைஸ் செய்த அக்கர்மான்சியா செல்களின் எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

வணக்கம். காற்றில்லாச் சூழலில் பாக்டீரியா வளர்ப்பவர்களிடம் ஓர் உதவி.

அதிகக் கொழுப்பு உணவு தின்னும் சுண்டெலிகளுக்குக் கொடுக்க, அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற குடல் பாக்டீரியாவை பிஎச்ஐ (மூளை-இதயச் சாறு) ஊடகத்தில் பன்றி இரைப்பை மியூசின் (சளிப் புரதம்) சேர்த்து 37 டிகிரியில் வளர்க்கிறோம். ஆக்சிஜனைக் குறைக்க சிஸ்டீன், ஆக்சிஜனைக் காட்டும் சாயமான ரெசசுரின் உண்டு. ரோஸ் நிறம் தெரிந்தால் ஆக்சிஜன் நுழைந்துவிட்டது என்று அந்தக் குடுவையைக் கழித்துவிடுகிறோம். வளர்ச்சியில் குறையில்லை, சிக்கல் எண்ணிக்கையில்தான்.

2013 பெல்ஜிய ஆய்வைப் பின்பற்றி எலிக்கு நாளொன்றுக்கு 20 கோடி செல்கள் வேண்டும். 70 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி பாஸ்ச்சுரைஸ் செய்தபின் தட்டில் காலனி வராது. சூடாக்கும் முன்பே எண்ணினாலும், செல்கள் கொத்தாக ஒட்டுவதாலும் தட்டில் பரப்பும்போது காற்றுப் படுவதாலும் குறைத்தே காட்டும். மியூசினின் கலங்கலால் ஒளி அடர்த்தி (OD) அளவு கூடுகிறது. டிஎன்ஏவை அளக்கும் கியூபிசிஆர் (qPCR) உடைந்த செல்களின் டிஎன்ஏவையும் சேர்த்துக்கொள்கிறது.

மிஞ்சும் மியூசின்தான் பெரிய கவலை. எடையோ அழற்சியோ குறைந்தால் அது பாக்டீரியாவாலா, மியூசினாலா? பாக்டீரியா இல்லாத ஊடகத்தையும் இதே போலக் கழுவி, சூடாக்கி ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுக்கிறோம், அது போதுமா?

செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரைப் பயன்படுத்துபவர்கள் எந்தச் சாயம், கொத்தைப் பிரிக்க என்ன வழி என்று சொல்லுங்கள். மியூசினை விட்டு குளுக்கோஸ், என்-அசிட்டைல்குளுக்கோசமைன், திரியோனின், சோயா பெப்டோனுக்கு மாறியவர்களுக்கு லிட்டருக்கு எவ்வளவு விளைச்சல் கிடைத்தது?