கலைச்சொல் தேவை: 'பல்லாண்டுத் தாவரம்' போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம். தோட்டக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன்; வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இங்கிலாந்து ஜெரேனியத்தில் வந்து நிற்கிறேன். நம்மூர் நர்சரியில் அந்தப் பெயரில் தொட்டியோடு விற்பது தென்னாப்பிரிக்கப் பெலார்கோனியம், இது வேறு. குளிர்காலத்தில் தரைக்கு மேலே பட்டுப்போகும், வேர் கிடக்கும், வசந்தத்தில் துளிர்த்து மாதக்கணக்கில் பூக்கும். 'ஹார்டி பெரென்னியல்' என்கிறார்கள். பாடநூலில் 'பல்லாண்டுத் தாவரம்' உண்டு. ஆனால் வேப்பமரமும் பல்லாண்டுத் தாவரம்தானே? 'பார்டர்' என்பதற்கும் சொல் வேண்டும். 'வரப்பு' என்று போட்டு வைத்திருக்கிறேன்.
— லாஸ்பேட்டை

'பல்லாண்டு' என்றாலே எனக்குப் பெருமாள் கோயில் மணி கேட்கிறது. தொல்காப்பிய மரபியலில் புறக்காழ் (வெளியே வயிரம், அதாவது கெட்டிப் பகுதி) உள்ளது புல், அகக்காழ் (உள்ளே வயிரம்) உள்ளது மரம். இச்செடிக்கு இரண்டும் இல்லை. ஆகவே 'காழில்செடி'. காழ் என்றால் வயிரம் மட்டுமா? விதையும் காழ், மணிக்கோவையும் காழ். விரிவாக அடுத்த மடலில்.
— திருப்பாதிரிப்புலியூர்

ஐயா, அடுத்த மடலையும் படித்தேன், ஆறு பத்தி. 'காழில்செடி' என்றால் காலில்லாத செடியா என்று கேட்பார்கள். எங்கள் கரும்பைப் பாருங்கள். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி கிளம்புவது மறுதாம்பு. உழவர் வாயில் புழங்கும் சொல். அதன் சாயலில் 'மறுதளிரி' என்னலாமே.
— நெல்லிக்குப்பம்

மறுதாம்பு அரிவாள் பட்டபின் வருவது. இதுவோ தானே பட்டுத் தானே வருவது. கரும்பைவிடச் செங்காந்தள்தான் இதற்குக் கிட்டத்து உறவு; கிழங்கு மண்ணுக்குள் உறங்கி மழைக்கு எழும். 'மறுதளிரி' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அடைப்புக்குறி விளக்கம் இல்லாமல் யாருக்கும் புரியாது. 'ஹார்டி'க்கு 'வன்செடி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அடிக்க வருவதுபோல் இருக்கிறது. அவர்கள் கணக்குப் பார்ப்பது உறைபனியை. சுமைதாங்கி போலக் 'குளிர்தாங்கி'. வரப்பும் ஆகாது, தம்பி. வரப்பில் நடப்போம், இவர்கள் பார்டர் என்பது சுவரையோ பாதையையோ ஒட்டிய அகலமான பூம்பாத்தி. 'ஓரப்பாத்தி' போதும்.
— முத்தியால்பேட்டை

ஓரப்பாத்தி சரி, அம்மா. ஆனால் புதுச்சேரி வாசகருக்கு என்ன குளிர்? மார்கழியில் போர்வையைத் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடுகிறது!
— லாஸ்பேட்டை

அதேதான். நமக்குத் தாங்கவேண்டியது உப்புக்காற்றும் மணலும். 2011 டிசம்பர் 30 'தானே' புயலில் பண்ருட்டிப் பலாவே வேரோடு சாய்ந்தது. என் கொல்லையில் அடுத்த மழைக்கு முதலில் முளைத்துப் பூத்தது நித்தியகல்யாணி. நம் ஹார்டி அதுதான். ஆண்டு முழுக்கப் பூக்கும், பெயரிலேயே இருக்கிறது.
— நெல்லிக்குப்பம்

நித்தியம், கல்யாணி இரண்டுமே வடசொல்.
— திருப்பாதிரிப்புலியூர்

செடியே மடகாஸ்கர்க்காரி, ஐயா. பெயரை மட்டும் ஏன் விரட்டுகிறீர்கள்? கையேடு பேசுவது இங்கிலாந்துச் செடியை, அங்கே குளிர்தாங்கிதான். நம்மூர்ச் செடிக்கு அத்தியாயம் எழுதும்போது 'உப்புதாங்கி' வைத்துக்கொள்ளலாம்.
— முத்தியால்பேட்டை

இன்று வியாழன். 'குளிர்தாங்கும் பல்லாண்டுச் செடி' என்று அனுப்புகிறேன். 'தாவரம்' என்பதைச் 'செடி' ஆக்கிவிட்டால் வேப்பமரம் வெளியே போய்விடுகிறது. மறுப்பு உண்டா?
— லாஸ்பேட்டை

செம்பருத்தி உள்ளேதான் இருக்கிறது. அது எங்கே பட்டுத் துளிர்க்கிறது? நீங்கள் அச்சிடுங்கள், நான் மறுதளிரி என்றே எழுதுவேன்.
— நெல்லிக்குப்பம்

ஜெரேனியத்தின் காய் கொக்கின் அலகு போலிருப்பதால் கிரேக்கத்தில் அப்படிப் பெயர். அப்படியே ஒலிபெயர்த்து விட்டுவிடலாமா? 'கொக்கலகு' என்னலாம். அல்லது நாரையா? சங்கத்தில் குருகு என்றும்
— திருப்பாதிரிப்புலியூர்