மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள்: உங்களுக்கு எப்படி இருந்தது?

எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் தொடங்கிய முதல் வாரம், இருந்ததைவிட மோசமாகிவிட்டேன் என்றே நினைத்தேன். குமட்டல், கை நடுக்கம், விடிகாலை 3 மணிக்கு முழிப்பு. மனச்சோர்வு மட்டும் இம்மியும் குறையவில்லை. சரி, இது நமக்கு ஒத்துவராது என்று நிறுத்தப் போனபோது, மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே மூளை செல்கள் சேதி கடத்தப் பயன்படுத்தும் செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் வழி அடைபட்டுவிடுகிறதாம். ஆனால் செரட்டோனினைச் சுரக்கும் செல்லின் மேலேயே அதை உணரும் 1ஏ என்ற ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. அளவு கூடியதும் அது பிரேக் போட, செல் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. 2, 3 வாரம் விடாமல் தூண்டப்பட்டால் அந்த ஏற்பி மரத்துப்போய் பிரேக் தளரும். தாமதத்துக்கு முக்கியமான விளக்கம் இதுதான் என்றார். குமட்டல் வேறு கதை. உடம்பின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அங்குள்ள ‘3’ என்று பெயரிட்ட வகை செரட்டோனின் ஏற்பிகள் தூண்டப்படுவதால் வருவது அது. சாப்பிட்டபின் மாத்திரை போட்டேன், பத்து நாளில் நின்றது. நாலாவது வாரம் ஒருநாள், யாரும் சொல்லாமலே குளித்துவிட்டு வந்திருந்தேன்.

*

எங்கள் வீட்டில் பிரச்சினை குமட்டல் இல்லை. அம்மாவுக்கு 71 வயது. மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் பேச்சு குழம்பியது, நடை தள்ளாடியது. வயசாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம் (இன்றைக்கும் உறுத்துகிறது). ரத்தத்தில் சோடியம் 124. 135க்குக் கீழே போகக் கூடாது. இந்த மாத்திரைகள் உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஏடிஎச் ஹார்மோனை அதிகம் சுரக்க வைப்பதுண்டு. அப்போது சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாது, சோடியம் நீர்த்துப்போகும். அம்மா பிரஷருக்கு நீர் மாத்திரையும் சாப்பிட்டு வந்தார், அது இன்னும் மோசமாக்கியது. மருத்துவமனையில் சேர்த்து, மருந்தை மாற்றிய பிறகு தெளிந்தார். வயதானவர்களுக்குத் தொடங்கினால் சோடியம் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

*

யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். குழந்தை பெறாத எனக்கு மார்பில் பால் கசிந்தது. பயந்து நடுங்கிவிட்டேன். செரட்டோனின் கூடினால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனும் கூடலாம், அபூர்வம்தான். ஒரு காலத்தில் செரட்டோனினை வெளியே விடவைக்கும் ஃபென்ஃப்ளூரமின் என்ற மருந்தைக் கொடுத்து, புரோலாக்டின் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தே மூளையின் செரட்டோனின் வேலையை அளந்திருக்கிறார்கள் என்று அப்புறம் படித்தேன். மருத்துவரிடம் சொல்லத்தான் மூன்று வாரம் கூச்சப்பட்டேன். அவரோ சாதாரணமாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.