பெயர் ஒத்துப்போனதால் மூன்று மணி நேரம்

பயங்கரவாதத்தைத் தடுப்பதற்காக விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் செய்யும் சோதனை வேண்டுமா, கூடாதா என்ற பேச்சில் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயமாக வெளிநாடு போயிருந்தேன். குடியேற்ற வரிசையில் அதிகாரி என் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், முத்திரை குத்தவில்லை, யாரையோ போனில் கூப்பிட்டார். அப்புறம் ஒரு சின்ன அறை. கைபேசியை வாங்கிக்கொண்டு பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்டார்கள். கொடுத்தேன். எதிரில் இருந்தவர் என் மகளின் படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார், ஒரு படத்தில் நிறுத்தி இது யார் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

யாரும் அதட்டவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஒருவர் தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மணி நேரம் கழித்துப் போகலாம் என்றார்கள். காரணம் கேட்டதற்கு, தேடப்படும் ஒருவரின் பெயரோடு என் பெயர் ஒத்துப்போகிறதாம். சரி, அடுத்த முறை இப்படி ஆகாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும் என்றேன். அது தங்கள் கையில் இல்லை என்றார்கள். அடுத்த வருடமும் அதே அறை, அதே கேள்விகள்.

இப்போது இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு குண்டுவெடிப்பு நடந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ரயில் நிலையத்தில் ஒருவர் பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வேகமாக வெளியே போனார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஓடிப்போய்க் காவலரிடம் சொன்னேன். பையில் இருந்தவை மருந்துச்சீட்டும் மாத்திரைகளும் ஒரு போர்வையும். அவர் தண்ணீர் பிடிக்கத்தான் போயிருக்கிறார். ஆனாலும் திரும்பி வந்தவரை அழைத்துப் போய்விட்டார்கள், அவருடைய ரயில் அவர் இல்லாமலே கிளம்பியது. சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அதே இருக்கையில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

இருந்தாலும் சோதனையே கூடாது என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியாது. 2005 ஜூலையில் லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வைத்து 52 பேரைக் கொன்றார்கள், அப்படி ஒன்று நடந்த ஊரில் காவலர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் அதே லண்டனில் இரண்டே வாரம் கழித்து, எந்தத் தப்பும் செய்யாத பிரேசில் இளைஞர் ஜான் சார்லஸ் டி மெனெசெஸைத் தற்கொலைப்படை ஆள் என்று நினைத்து ரயிலுக்குள் வைத்தே போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். பயத்தில் எடுக்கும் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தப்பு நடக்கும். நடந்த தப்பைத் திருத்த ஒரு வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. கனடாவின் பொறியாளர் மாஹெர் அராரை 2002இல் நியூயார்க் விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் பிடித்து, கனடா போலீஸார் கொடுத்த தவறான தகவலின் பேரில் சிரியாவுக்கு அனுப்பினார்கள், அங்கே சித்திரவதை. கனடா அரசு விசாரணை ஆணையம் வைத்தது, 2007இல் மன்னிப்புக் கேட்டு ஒரு கோடியே ஐந்து லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. பட்ட அடி போகாது, ஆனால் அவர் குற்றவாளி இல்லை என்று அரசே வாய்திறந்து சொன்னது. அமெரிக்காவில் செனட்டர் எட்வர்ட் கென்னடியையே விமானத்தில் ஏற்றக் கூடாதவர்கள் பட்டியலில் இருந்த பெயரோடு ஒத்துப்போகிறது என்று திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள், 2004இல் அவரே சொன்னது இது. அவருக்கே சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று என்றால் மற்றவர்கள் கதி? 2007இலிருந்து அங்கே முறையிடுபவர்களுக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள், டிக்கெட் எடுக்கும்போது அதைப் போட்டால் பெயர்க்குழப்பம் குறையும். பிரிட்டனில் சந்தேகமே இல்லாமல் பயணியை நிறுத்தி ஒன்பது மணி நேரம்வரை விசாரிக்கலாம் என்று இருந்ததை 2014இல் ஆறாகக் குறைத்தார்கள். ஆறு மணி நேரமும் எனக்கு அதிகமாகத்தான் படுகிறது, ஆனாலும் ஒரு வரம்பு இருக்கிறது. அந்த அறையில் எனக்கு எவ்வளவு நேரம் என்றுகூடத் தெரியாது.

போன மாதம் ரயில் நிலையத்தில் மறுபடியும் ஆளில்லாத பை ஒன்றைப் பார்த்தேன். சொன்னேன். இந்த முறை அங்கேயே நின்றேன். பைக்காரர், வயதானவர், பதறிக்கொண்டு வந்தார். இவர் கழிவறைப் பக்கம் இருந்துதான் வருகிறார், நான் பார்த்தேன் என்று காவலரிடம் சொன்னேன். திறந்து பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் பையைக் கொடுத்துவிட்டார்கள்.