உவர் நிலத்துக்கு எந்த நெல்? அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சித்திரையில் குடும்பத்தோடு மரக்காணம் பக்கம் குடிவந்துவிட்டோம். ஒன்றரை ஏக்கர் நிலம். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் விட்டது பெரிய தவறு.

தண்ணீர் பாய்ந்து காய்ந்ததும் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கிறது. தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறது. கத்தரி நாற்று பத்தே நாளில் இலையோரம் கருகிச் சுருண்டுவிட்டது. பக்கத்து நிலத்துப் பெரியவர் சொல்லித் தக்கைப்பூண்டு (மண்ணுக்கு உரமாக உழுதுவிடும் பசுந்தாள் பயிர்) விதைத்தோம். அது மட்டும் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, பார்க்கவே தெம்பாக இருக்கிறது. 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிடுவோம்.

அப்புறம் சம்பாவுக்கு நெல் போட ஆசை. குழியடிச்சான், களர்பாலை இரண்டும் உப்பைத் தாங்கும் என்கிறார்கள். இவற்றைப் பயிரிட்ட அண்ணன்கள், அக்காக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: நேரடி விதைப்பு நல்லதா, நாற்று விட்டு நடுவதா? மண்ணும் நீரும் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். உவருக்கும் (உப்பு மிகுந்த மண்) களருக்கும் (சோடியம் மிகுந்த மண்) வைத்தியம் வேறு என்பதால், முடிவு வரும்வரை களருக்குப் போடும் ஜிப்சத்தைப் போடவில்லை.

விதைநெல் கொஞ்சம் இருந்தாலும் போதும். விலை கொடுத்து, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.